பிளாஸ்டிக்குக்குள் சணலா, தேங்காய் நாரா?

பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் வலுவூட்டக் கலக்க, சணல், தேங்காய் நார் இரண்டில் எது நல்லது? வலிமை மட்டும் போதுமென்றால் சணல்தான். அதில் செல்லுலோஸ் (தாவர நாருக்கு வலு தரும் பொருள்) 60 சதவீதத்துக்கும் மேல். அதன் நுண்ணிழைகள் நாரின் நீளத்தோடு கிட்டத்தட்ட நேராக ஓடுகின்றன. அதனால் இழுவிசை வலிமை, அதாவது அறுவதற்கு முன் தாங்கும் இழுப்பு, சுமார் 400 மெகாபாஸ்கலைத் தாண்டும். தேங்காய் நாரில் நுண்ணிழைகள் சாய்வாகச் சுற்றியிருப்பதால் 200-ஐ எட்டுவதே பெரிது. ஆனால் அது ஸ்பிரிங் மாதிரி. அறுவதற்கு முன் 15 சதவீதத்துக்கும் மேல் நீளும். சணலோ 2 சதவீதத்துக்குள் பட்டென்று அறுந்துவிடும்.

சரி, ஈரம்? இரண்டுமே தண்ணீரை உறிஞ்சும். செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் (நீரோடு ஒட்டும் அணுக்கூட்டங்கள்) நீரை இழுக்க, நார் உப்பி, பிளாஸ்டிக்கோடு உள்ள பிடிப்பு விட்டுப்போகும். மரத்துக்கு விறைப்பு தரும் லிக்னின் 40 சதவீதம் அளவுக்கு இருப்பதால் தேங்காய் நார் அவ்வளவு சீக்கிரம் மக்காது. சணலுக்கு அந்தக் கவசம் குறைவு.

காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, மாலியிக் அன்ஹைட்ரைடு (நாரையும் பிளாஸ்டிக்கையும் பிணைக்க உதவும் வேதிப்பொருள்) ஏற்றிய பாலிபுரொப்பிலீனைக் கொஞ்சம் சேர்த்தால் இரண்டிலும் பிடிப்பு கூடும்; ஈரம் புகுவது குறையும், ஆனால் அடியோடு நிற்காது. வெட்டிய ஓரங்களைப் பூசி மூடுவதையும் மறக்கக் கூடாது, தண்ணீர் அங்கேதான் முதலில் நுழையும்.

காரின் கதவு உட்பலகைக்கு நான் சணலை எடுப்பேன். அடிபடும், நனையும் இடத்துக்குத் தேங்காய் நார்.