லிம்போமா ரிப்போர்ட்டில் அக்ரெசிவ், இன்டோலென்ட்: எது எப்படி?
லிம்போமா என்பது நிணநீர் மண்டலப் புற்றுநோய். அதன் பயாப்சி ரிப்போர்ட்டில் 'அக்ரெசிவ்' என்று பார்த்ததும் வீடே ஆடிப்போய்விடும். 'இன்டோலென்ட்' என்றால் அப்பாடா என்றிருக்கும். ஆனால் இரண்டும் நோய் வளரும் வேகத்தைத்தான் சொல்கின்றன.

அக்ரெசிவில் அதிகம் காணப்படும் வகையான டி.எல்.பி.சி.எல். (டிஃப்யூஸ் லார்ஜ் பி-செல் லிம்போமா) வேகமாக வளரும்; சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் பலருக்கு முழுதாகவே குணமாகிறது. வழக்கமாக ஆர்-சாப் என்ற கூட்டு மருந்துச் சிகிச்சை, 21 நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் 6 சுற்று. அதில் ஏற்றும் சிவப்பு மருந்து டாக்சோரூபிசின். அப்புறம் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகலாம், பதற வேண்டாம். அதற்குமேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்டோலென்ட் வகையான ஃபாலிகுலர் லிம்போமா மெதுவாக நகரும். தொந்தரவு இல்லையென்றால் மருந்தே தராமல் கவனித்து வருவார்கள், கைவிட்டதாக எண்ணாதீர்கள். சிகிச்சையில் அடங்கினாலும் ஆண்டுகள் கழித்துத் திரும்பலாம். சிலருக்கு அக்ரெசிவாக மாறுவதும் உண்டு. கட்டி திடீரென வளர்ந்தாலோ, காரணமில்லாமல் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு வந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.