பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு ஒற்றைச் சுருளா, இரட்டைச் சுருளா? மலைநாட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

பெடல் ஸ்டீல் என்பது கால்களின் மேல் கிடையாக நிறுத்தி, பெடல்களை மிதித்துத் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிக்கும் கிட்டார். அதற்குப் பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள், வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது அதன் மின்தடை எத்தனை கிலோ ஓம் என்பதைத்தான். அந்த எண் பெரிதாக உதவாது. ஒரே தடையைக் காட்டும் இரண்டு பிக்கப்புகள் வெவ்வேறு தடிப்புள்ள கம்பியால் சுற்றப்பட்டிருந்தால், சுற்றுகளின் எண்ணிக்கையும் தூண்டுதிறனும் (இண்டக்டன்ஸ்) வேறாக இருக்கும். நாதத்தைத் தீர்மானிப்பவை அவையும் காந்தமுமே. மேலும், செம்பின் தடை வெப்பநிலையோடு மாறுவதால், கொழும்பில் 30 பாகையில் 18 கிலோ ஓம் காட்டும் சுருள் நுவரெலியாவின் 15 பாகைக் குளிரில் ஏறத்தாழ 17 கிலோ ஓம்தான் காட்டும். மீற்றரைப் பார்த்துச் சுருள் பழுதாகிவிட்டதென்று கலங்கிய நண்பர் ஒருவருக்கு இதைச் சொல்லித்தான் ஆறுதல் கூற வேண்டியிருந்தது.

நான் ஒப்பிட்டவை வாலஸ் ட்ரூடோன் என்னும் ஒற்றைச் சுருள் பிக்கப்பும், ஜார்ஜ் எல்ஸ் நிறுவனத்தின் ஈ-66 என்னும் இரட்டைச் சுருள் பிக்கப்பும் ஆகும். ஈ9 என்னும் சுருதியமைப்பில் உள்ள ஒரே பத்துத் தந்திக் கருவியில், ஒரே கேபிள், சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கும் ஒரே வொலியூம் பெடல், ஒரே பீவி நாஷ்வில் 112 அம்ப்ளிபையர் ஆகியவற்றுடன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தினேன். தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, சத்தம் இரண்டிலும் சமமாகக் கேட்கும்படி சரிசெய்த பின்னரே நாதத்தைக் கவனித்தேன். சத்தம் கூடியதைக் காது எப்போதும் நல்லதென்றே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் புதுத் தந்தி மாட்டியதற்கும் காரணம் உண்டு. இங்குள்ள பனிமூட்டத்தில் தந்தி விரைவில் மங்கிவிடும், பழியோ பிக்கப்பின் மேல் விழும்.

ஒற்றைச் சுருளின் சிறப்பு மூன்றாம் தந்தியில் தெரிகிறது. 0.011 அங்குலத் தடிப்பே உள்ள அந்த மெல்லிய தந்தியை மீட்டி, அதன் சுருதியை அரைச் சுரம் உயர்த்தும் பெடலை மிதிக்கும்போது, சுரம் ஏறிச் செல்லும் வழி முழுவதும் விளிம்பு மழுங்காமல் கேட்கிறது. விரலில் மாட்டிய பிக் தந்தியில் படும் முதல் உராய்வுகூட மறைவதில்லை. 1963இல் பட்டி எமன்ஸ் தொடங்கிய நிறுவனத்தின் பழைய கருவிகளை இசைத்தட்டுகளில் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த ஒலிதான் அளவுகோல். ஈ-66 வேறு சுபாவம் உடையது. பக்கத்தில் பக்கத்தில் அமைந்த இரண்டு சுருள்கள் தந்தியின் இரண்டு இடங்களிலிருந்து அதிர்வை எடுப்பதால் மேல்நாதங்களில் சில தேய்ந்து, ஒலி உருண்டு திரண்டு வருகிறது. மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது அவை ஒன்றோடொன்று நன்றாக இழைகின்றன. மெதுவான தேவாலயப் பாடல்களுக்கு நான் இதையே விரும்புவேன். ஆனால் பன்னிரண்டாம் கட்டைக்கு மேலே தனித்து வாசிக்கும்போது ஒற்றைச் சுருளின் பளிச்சென்ற தெளிவு இதில் இல்லை.

இவ்வளவும் அமைதியான அறையில் எழுதக்கூடிய தீர்ப்பு. தோட்டத்து மண்டபத்தில் நிலைமை வேறு. நமது மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். பழைய கட்டடங்கள் பலவற்றில் எர்த் கம்பி பெயரளவுக்கே இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலை அருகில் இருந்தால் கொழுந்து வாட்டும் மின்விசிறிகள் இரவிலும் ஓடிக்கொண்டிருக்கும். ஒற்றைச் சுருள் இவற்றையெல்லாம் இரைச்சலாக வாங்கிக்கொள்கிறது. சாதாரண கிட்டார்க்காரர் உடலைச் சற்றுத் திருப்பி இரைச்சல் குறையும் திசையைக் கண்டுபிடித்துவிடுவார். கால்களில் நிற்கும் பெடல் ஸ்டீலை மேடையில் அப்படித் திருப்ப முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை வொலியூம் பெடலால் வருகிறது. இக்கருவியில் சுரம் தேயத் தேய அந்தப் பெடலைத் திறந்துதான் நீண்ட நாதத்தைப் பிடித்து வைக்கிறோம். ஆகவே சுரம் மெலிந்து இறங்கும் அந்தக் கடைசி நொடிகளில் இரைச்சல் ஏறிக்கொண்டே வருகிறது. ஜிம் ரீவ்ஸ் பாடல்களை விரும்பிக் கேட்கும் நம் சபையோருக்கு மெதுவான பாடல்கள்தான் பிடிக்கும், இரைச்சல் அதிகம் கேட்பதும் அவற்றில்தான். ஈ-66இன் இரண்டு சுருள்களும் இந்த இரைச்சலை ஒன்றையொன்று எதிர்த்துக் கழித்துவிடுவதால், அதே மண்டபத்தில் பாடலின் இறுதிச் சுரம் சுத்தமாக அடங்கியது.

கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பிக்கப்பின் குறை என்று பேசப்படுவதில் பாதி கேபிளின் வேலை. சாதாரண கேபிளுக்கு ஒரு மீற்றருக்கு 100 பிகோபரட் அளவில் கொள்ளளவம் இருக்கும். அது பிக்கப்பின் தூண்டுதிறனோடு சேர்ந்து, பிக்கப் மிகுதியாக எடுத்துக்காட்டும் பரிவு மீடிறனைக் கீழே இறக்கும்; மேல் ஒலிகள் மங்கும். நிறையச் சுற்றிய பெடல் ஸ்டீல் பிக்கப்பில் இந்த இறக்கம் நன்றாகவே கேட்கிறது. வொலியூம் பெடல் பாதி திறந்திருக்கையில், அதற்கு அப்பால் உள்ள கேபிளும் மேல் ஒலிகளைத் தின்கிறது. கருவிக்கும் அந்தப் பெடலுக்கும் நடுவே, பிக்கப்பைக் கேபிளின் பாதிப்பிலிருந்து காக்கும் சிறு மின்சுற்றான ஒரு பஃபரை வைத்தபோது ட்ரூடோனில் கிடைத்த மாற்றம், பிக்கப்பை மாற்றியபோது கிடைத்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல.

நண்பர் ஒருவரின் இரட்டைக் கழுத்துக் கருவியில் (இரண்டு தந்தித் தொகுதிகள் கொண்டது) லேஸ் அலுமிடோன் என்னும் பிக்கப்பையும் சிறிது நேரம் வாசித்துப் பார்த்தேன். வழக்கமான செப்புச் சுருளுக்கு மாறாக அலுமினியச் சட்டத்தில் எழும் மின்னோட்டத்தைக் கொண்டு இயங்கும் இது எடை குறைந்தது, இரைச்சலும் குறைவு. சி6 என்னும் சுருதியமைப்பில் உள்ள கழுத்தின் தடித்த கீழ்த் தந்திகள் இதில் தெளிவாகப் பிரிந்து கேட்டன.

ஒலிப்பதிவுக்கோ எர்த் ஒழுங்காக உள்ள ஹோட்டல் மேடைக்கோ எனக்கு ஒற்றைச் சுருள்தான். ஒரே கருவியோடு ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கிடைக்கும் மண்டபங்களில் எல்லாம் வாசிக்கப் போகிறவர் ஈ-66ஐப் பொருத்திக்கொண்டு, கையில் மிஞ்சும் பணத்தில் ஒரு பஃபர் வாங்கட்டும். இவை வெளிநாட்டிலிருந்தே வர வேண்டியிருப்பதால், பணம் அனுப்புமுன் பிக்கப் அமரும் குழியின் அகலத்தையும் தந்திகளின் இடைவெளியையும் அளந்து விற்பவருக்கு எழுதி உறுதிசெய்துகொள்ளுங்கள்; பொருந்தாததைத் திருப்பி அனுப்பும் தபாற்செலவு இங்கிருந்து மிக அதிகம், கட்டிய சுங்க வரியும் எளிதில் கைக்குத் திரும்பாது.