விண்டோஸ் 11 ஏறாத கணினி: லினக்ஸ் மின்டா, புது லேப்டாப்பா?

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி இல்லாத பழைய கணினியை விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. சரி, இனி?

செலவு: விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட் இலவசம், நிறுவ ஒரு பென் டிரைவ் போதும். புது லேப்டாப்புக்குப் பெரிய தொகை வேண்டும்.

வேகம்: 4 ஜிபி ரேமிலும் மின்ட் ஓடும். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டால், இது பழைய கணினியா என்றே கேட்பீர்கள். மதர்போர்டே தகராறு செய்தால் புதுசுதான்.

மென்பொருள்: இங்கேதான் சிக்கல். டேலி, போட்டோஷாப் இரண்டும் லினக்ஸில் நேரடியாக ஓடாது.

பிள்ளைகளின் படிப்பு, மின்னஞ்சல், யூடியூப் மட்டும் என்றால் மின்ட் போடுங்கள். ஓடுகிற கணினியைக் குப்பையில் போடுவது அநியாயம். கடைக் கணக்கு டேலியில் என்றால் புதுசு வாங்குங்கள். எதுவானாலும் முதலில் படங்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.