வடசேரி மாடியில் வடகடல்: ஒரு சிமுலேட்டர் கூடத்தின் அனுபவம்

குளச்சலில் முப்பது வருடமாகப் படகு எஞ்சின் வேலை பார்க்கிறேன். நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடியில் விமான சிமுலேட்டர் இருக்கிறது என்று அக்கா மகள் சொன்னாள். அவளுக்குத் துணையாகத்தான் முதலில் போனேன். இப்போது நான்கு முறை ஆகிவிட்டது. மணிக்கு 900 ரூபாய். குறைவில்லைதான், ஆனால் கொடுத்த காசுக்கு வேலை நடக்கிறது.

மூன்று திரை, செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் இருப்பதைப் போன்ற கைப்பிடி, காலுக்குப் பெடல். வலது பெடல் ஆடுகிறது, அதை மட்டும் சரிசெய்ய வேண்டும்.

"எங்க பறக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டார் சொல்லிக்கொடுப்பவர்.

"கடலுக்கு மேல சார். தனியா."

ஸ்காட்லாந்தின் வடகோடியில் விக் என்ற ஊரைத் திரையில் கொண்டுவந்தார். சின்ன விமானங்களை அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுசேர்க்கும் விமானிகள் எண்ணெய் நிரப்புகிற ஊர். அங்கிருந்து ஐஸ்லாந்து, கிரீன்லாந்து, கனடா என்று போவார்களாம். 2019 மே மாதம் மும்பைப் பெண் ஆரோஹி பண்டிட் சைனஸ் 912 என்ற குட்டி விமானத்தில் தனி ஆளாக இந்த வழியில்தான் கனடா போய் இறங்கினார். அதைக் கேட்டதும் அக்கா மகள் நாற்காலியை இழுத்துப்போட்டு எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

எனக்குக் கொடுத்தது ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே இருக்கும் ஃபாரோ தீவுகளின் வாகர் வரை, சுமார் 460 கிலோமீட்டர்.

உட்காரும் முன் ஆரஞ்சு நிற உயிர்காப்பு உடையை மாட்டச் சொன்னார். கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே ரப்பர். மே மாதத்தில் அந்தக் கடல் 8 டிகிரி அளவில்தான் இருக்குமாம். விழுந்ததும் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் வராது. பத்து நிமிடம் போனால் விரல் சொன்னபடி கேட்காது, ஒரு முடிச்சுகூடப் போட முடியாது. 2017 ஒக்கியில் எங்கள் கரை ஆட்கள் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து பிழைத்து வந்திருக்கிறார்கள். அங்கே அது நடக்காது என்று புரிந்ததும் உடையின் ஜிப்பை நானே இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

இந்த இடத்தை நான் மதிப்பது அடுத்து நடந்ததற்காக. மேகத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறேன், வெளியே 2 டிகிரி. எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு 2400-லிருந்து மெதுவாக 2250-க்கு வந்துவிட்டது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டிலை நான் தொடவே இல்லை. சார் வாயே திறக்கவில்லை. நான் காதால்தான் பிடித்தேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் குறுகிய தொண்டையில் பெட்ரோல் ஆவியாகும்போது சூடு சட்டென்று இறங்கும், ஈரக்காற்று அங்கேயே பனிக்கட்டியாகப் படியும். ஆனி ஆடி மழையில் வெளிப்புற எஞ்சினின் கார்புரேட்டர் வேர்த்து நிற்பதைப் பலமுறை துடைத்திருக்கிறேன். அதே சங்கதிதான், அங்கே கட்டியாகிவிடுகிறது.

கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் ஹீட் குமிழை இழுத்தேன். சுற்று இன்னும் இறங்கி, எஞ்சின் இரண்டு முறை இருமியது. பயந்து குமிழைத் திரும்பத் தள்ளிவிடத் தோன்றும், தள்ளக் கூடாது. உருகிய தண்ணீர் போகிற சத்தம் அது. கொஞ்ச நேரத்தில் சுற்று தானாக ஏறியது. இவ்வளவு நுணுக்கமாக அமைத்து வைத்திருப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

வாகர் ஓடுதளம் 1,799 மீட்டர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் போட்டது. ஏரிக்கு மேலே தாழ்ந்து வரும்போது மலையிடுக்கில் இருந்து காற்று பக்கவாட்டில் அடிக்கிறது. முதல் தடவை இறங்காமல் விட்டு மேலே ஏறிவிட்டேன். இரண்டாவது தடவை சக்கரம் தொட்டது.

பதிவு செய்யும்போது மூன்று மணி நேரமாகவே வாங்குங்கள். பறப்பது மட்டும் இரண்டே கால் மணி. முதல் நாள் இரண்டு மணிதான் வாங்கியிருந்தேன், பாதிக் கடலில் அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டார்.

அடுத்தது ஐஸ்லாந்திலிருந்து கிரீன்லாந்தின் நார்சர்சுவாக். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இறக்கையில் இருக்கும் பெட்ரோல் காணாது, பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே தனி டேங்க் வைக்க வேண்டும். குழாய் இணைப்பை எப்படிக் கொடுப்பார்கள் என்று சாரிடம் படம் வரைந்து கேட்டிருக்கிறேன்.