நாற்காலி வாங்குவதா, நேரத்தை மாற்றுவதா? நாள்பட்ட வலியோடு வேலைக்கு வருபவர்களுக்கு எது உதவுகிறது

காரைக்குடியில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில்தான் பலகாரக் கூடம். 12 பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் மூன்று பேருக்கு ஓயாத வலி. மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலே மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். எங்களிடம் ஒருவருக்கு ஒன்பது வருடமாக இருக்கிறது.

இவர்களுக்காக இரண்டு வழிகளைச் செய்து பார்த்துவிட்டேன். முதலில் பணம் போட்டு மேடை, நாற்காலி, மெஷின் என்று வாங்கினேன். அப்புறம் வேலை நேரத்தையும் கூலி முறையையும் மாற்றினேன். இரண்டுமே வேண்டும்தான். ஆனால் எதை முதலில் செய்வது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன்.

பொருள் வாங்குவதன் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததே. தரையில் மணை போட்டு மணிக்கணக்காக அடுப்பு முன் உட்காருவது யாருக்கும் நல்லதில்லை. இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, முதுகு சாயும் நாற்காலி போட்டதும், முழங்கால் தேய்மானம் உள்ள பெரியக்கா நிம்மதியாக உட்கார்ந்தார். மாவு பிசைய மெஷின் வந்ததில் தோள்வலிக்காரர் பிழைத்தார். கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்துவிட்டது. ஆகவே இதில் வாதிட ஒன்றுமில்லை.

இதில் உள்ள சிக்கல், கோட்டையூரிலிருந்து வரும் அக்காவிடம்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை மாட்டிக்கொண்டு நின்று வருவார். ஒன்பது, ஒன்பதரை ஆனால்தான் கை இளகும். அப்படிப்பட்டவரிடம் ஏழு மணிக்குத் தேன்குழல் பிழியும் அச்சான நாழியைக் கொடுத்தால், நாற்காலி எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? பெரியக்காவுக்கு இது அப்படியே தலைகீழ். காலையில் நன்றாக நடப்பார். புழங்கப் புழங்க முழங்கால் வலி ஏறி, சாயங்காலம் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் படி இறங்குவார். ஒருவரைக் காலை வாட்டுகிறது, இன்னொருவரைச் சாயங்காலம். மேடையும் நாற்காலியும் எல்லா நேரமும் ஒரே மாதிரி நிற்கின்றன. வலி அப்படி நிற்பதில்லை.

அதனால் கோட்டையூர் அக்காவுக்கு ஒன்பதரை முதல் ஐந்தரை, பெரியக்காவுக்கு ஏழு முதல் மூன்று என்று வைத்தேன். யாரும் ஒரே வேலையில் முக்கால் மணிக்கு மேல் இருப்பதில்லை. நாழி பிழிந்தவர் மாவு சலிக்கப் போவார், சீப்பு சீடை சுற்றியவர் பொட்டலம் கட்டப் போவார்.

இனி, எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: வலியை மறைக்க வேண்டிய தேவை அவருக்கு இன்னும் இருக்கிறதா?

முன்பு எங்களிடம் கிலோ கணக்கில் கூலி. ஒருநாள் கோட்டையூர் அக்கா நாழியை நெஞ்சோடு அணைத்து, இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தார். “என்னக்கா, கை வலிக்குதா?” என்றேன். “இல்லை ஆச்சி, நாழி இன்னைக்கு இறுக்கமா இருக்கு” என்றார். வாங்கித் திருகிப் பார்த்தேன். தடையே இல்லாமல் சுற்றியது. நான் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன். வலி என்று சொன்னால் அன்றைய கூலி குறையும். வேறு என்னதான் சொல்வார் அவர்?

அப்புறம்தான் நாள் கூலிக்கு மாறினோம். எந்த வேலை செய்தாலும் ஒரே கூலி. இது இல்லாமல் நேரத்தை மாற்றியிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது. நடுவில் தோள்வலிக்காரரை நிரந்தரமாகப் பொட்டலம் கட்டுவதற்கு மாற்றிப் பார்த்தேன். மூன்றாம் வாரமே “சரியாப் போச்சு ஆச்சி” என்று திரும்பி வந்துவிட்டார். சரியாகவில்லை. முப்பது வருடம் மனகோலம் என்ற பலகாரம் செய்த கை அது; அந்த வேலைக்குத் திரும்பத்தான் வலியை மறைத்தார். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, ஈ.எஸ்.ஐ., இருக்கிறதே என்பீர்கள். நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். படுத்துவிட்டால் கட்டாயம் அதுதான் கைகொடுக்கும். ஆனால் அது வேலைக்கு வர முடியாத நாளுக்கு. காலையில் இரண்டு மணி நேரம் விரல் மடங்கவில்லை என்பதற்கு அதில் இடமில்லை.

இப்போது எங்கள் முறை இதுதான். எல்லோரிடமும் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. வந்ததும் அன்றைக்கு எந்த வேலை முடியுமோ அந்த இடத்தில் டம்ளரை வைத்துவிட வேண்டும். வலி உள்ள மூவருக்கும் முதல் உரிமை. ஏன் என்று நான் கேட்பதில்லை, மற்றவர்களும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் முணுமுணுப்பு இருந்தது. தங்களுக்கு மாதாமாதம் வருகிற இடுப்புவலிக்கும் டம்ளரை வைக்கலாம் என்று தெரிந்ததும் அடங்கிவிட்டது.

இதிலும் குறை உண்டு. நாற்காலியை வாங்கிப் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். இந்த முறையை நான் தினமும் காப்பாற்ற வேண்டும். முதல் தீபாவளிக்கு ஆர்டர் குவிந்ததும் நானே அதை உடைத்து, எல்லோரும் ஆறு மணிக்கு வாருங்கள் என்றேன். கோட்டையூர் அக்கா நான்கு நாள் வந்தார். அதன்பிறகு இரண்டு வாரம் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வருடம் பத்து நாள் முன்னதாகவே ஆர்டரை நிறுத்திவிட்டேன். வருமானம் குறைந்தது, ஆள் குறையவில்லை. இரண்டே தீபாவளி அனுபவத்தை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். நாள் முழுக்க ஒருவரே கல்லாவில் உட்கார வேண்டிய சின்னக் கடைக்கு இது அப்படியே பொருந்தாது. அங்கே முதலில் நல்ல நாற்காலிதான்.

இன்னொன்று. மறைப்பது நின்ற பிறகு, அவர்களே என்ன வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நான் பார்த்துப் பார்த்து வாங்கிய நாற்காலிகளில் இரண்டு சும்மா கிடக்கின்றன. கோட்டையூர் அக்கா கேட்டது, பித்தளைக்குப் பதிலாகக் கனமில்லாத ஒரு நாழி. அப்புறம், வந்ததும் கையை முக்கி வைக்க ஒரு சட்டி வெந்நீர்.