மூன்று பேஸ் போர்டுக்கு மெயின்: எம்சிபியா, எம்சிசிபியா?

எம்சிபி, எம்சிசிபி இரண்டுமே ஷார்ட் சர்க்யூட்டோ ஓவர்லோடோ வந்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் பிரேக்கர்கள்; எம்சிபி சிறியது, எம்சிசிபி பெரியது. மூன்று பேஸ் போர்டு வாங்கும்போது பலரும் ஆம்பியரை மட்டும் பார்க்கிறார்கள். நான் முதலில் கேட்பது, அந்த இடத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் எவ்வளவு கரண்ட் பாயும் என்பதைத்தான். 500 கேவிஏ, 4 சதவீத இம்பீடன்ஸ் (கரண்டுக்கு உள்ளிருந்து வரும் தடை) உள்ள டிரான்ஸ்பார்மரின் 400 வோல்ட் முனையில் அது சுமார் 18 கிலோ ஆம்பியர். 10 கிலோ ஆம்பியர் வரைதான் துண்டிக்கக்கூடிய எம்சிபியை அங்கே மெயினாக, அதாவது போர்டு முழுவதற்குமான பிரேக்கராக வைத்தால், கரண்டைத் துண்டிக்க முடியாமல் அது வெடித்தே போகலாம். 36 கிலோ ஆம்பியர் எம்சிசிபி தாங்கும். நீளமான கேபிளுக்கு அப்பால் உள்ள போர்டில் இந்தக் கரண்ட் வெகுவாகக் குறைந்துவிடும். கணக்குப் போட்டு உறுதி செய்துகொண்டால் அங்கே எம்சிபி போதும். இடமும் மிச்சம், பணமும் மிச்சம்.

எம்சிபி பொதுவாக 125 ஆம்பியரோடு நின்றுவிடும், டிரிப் அளவையும் (எத்தனை ஆம்பியரில் துண்டிக்க வேண்டும் என்பதை) மாற்ற முடியாது. எம்சிசிபியில் பல மாடல்களில் மாற்றலாம். நாளை லோடு கூடும் என்றால் அதுதான் என் தேர்வு, கேபிளும் அதைத் தாங்குமானால்.

எதை வாங்கினாலும் சரி, மோட்டாருக்கு மூன்று தனித்தனி சிங்கிள் போல் பிரேக்கர் (ஒரு பேஸை மட்டும் துண்டிப்பது) வேண்டவே வேண்டாம். ஒரு பேஸ் மட்டும் டிரிப் ஆனால், மீதி இரண்டில் ஓடும் மோட்டார் கருகிவிடும். மூன்று போலும் ஒன்றாக விழும் பிரேக்கரைப் போடுங்கள். அப்புறம், மோட்டார் அளவுக்கு மீறி கரண்ட் இழுத்தால் அதை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் தனியாக வேண்டும்.