கிராஃபைட்டா, கனநீரா: என் ஓட்டு எதற்கு

எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் அணு உலை மாதிரி ஒன்று வைக்க முடிவானது. இடம் ஒரே ஒரு மேசை. 1942-இல் சிகாகோவில் இயற்பியலாளர் ஃபெர்மியின் குழு ஓட்டிய கிராஃபைட் (கார்பனின் ஒரு வடிவம்) உலையைச் செய்வதா, 1947-இல் கனடாவின் சாக் ரிவரில் ஓடத் தொடங்கிய என்ஆர்எக்ஸ் என்ற கனநீர் (டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜன் கொண்ட நீர்) உலையைச் செய்வதா என்று பேச்சு வந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் சிகாகோ பக்கம். புகழ் அங்கேதானே இருக்கிறது! நான் என்ஆர்எக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் கேட்டவர்கள் பலர் என்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

கிராஃபைட், கனநீர் இரண்டும் உலையில் தணிப்பான்கள், அதாவது நியூட்ரான்களை மெதுவாக்கும் பொருள்கள். தணிப்பான் என்ன செய்கிறது என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, நீட்டவில்லை. இயற்கை யுரேனியத்தில் எளிதில் பிளவுறும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். அதை வைத்துத் தொடர்வினை நடத்த, வேகமான நியூட்ரான்களை மெதுவாக்க வேண்டும். சாதாரண நீர் மெதுவாக்குவதில் கெட்டி, ஆனால் நியூட்ரான்களை விழுங்கியும் விடும். எனவே செறிவூட்டாத யுரேனியத்துக்கு நடைமுறையில் கனநீர், கிராஃபைட் இரண்டுதான் மிஞ்சின. டியூட்டீரியத்தோடு சுமார் 25 முறை மோதினால் நியூட்ரான் அடங்கிவிடும். கார்பனோடு நூறு முறைக்கு மேல் மோத வேண்டும். கனநீர் உலை அளவில் சிறியதாக இருப்பது இதனால்தான்.

கிடைப்பதைப் பொறுத்தவரை கிராஃபைட்டுக்கே வெற்றி, இதில் வாதமே இல்லை. போருக்கு முன் கனநீரை விற்பனைக்குத் தயாரித்தது நார்வேயின் வெமார்க் ஆலை. 1940-இல் பிரான்ஸ் அங்கிருந்து ரகசியமாகக் கொண்டுவந்தது 185 கிலோ. கைவசம் இருந்த மொத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான். சிகாகோவிலோ விளையாட்டரங்கத்தின் அடியில் இருந்த ஸ்குவாஷ் கூடத்தில் 350 டன்னுக்கு மேல் கிராஃபைட்டை அடுக்கினார்கள். 1942 டிசம்பர் 2 அன்று தொடர்வினை நிலைத்தது. திறன் அரை வாட்! கவசமும் இல்லை, குளிர்விப்பும் இல்லை.

கிராஃபைட்டில் ஒரு கண்ணி உண்டு: தூய்மை. மிகச் சிறிதளவு போரான் இருந்தாலும் நியூட்ரான்களைத் தின்றுவிடும். ஃபெர்மியோடு வேலை பார்த்த இயற்பியலாளர் சிலார்டு இதை விடாமல் வலியுறுத்தி உற்பத்தியாளர்களிடம் தூய கிராஃபைட் வாங்கினார். ஜெர்மனியில் 1941-இல் இயற்பியலாளர் போத்தே அளந்தபோது கிராஃபைட் தேறாது என்று முடிவு வந்தது. அவர் கையில் இருந்த கிராஃபைட்டின் அசுத்தமே காரணம் என்பது பரவலான விளக்கம். அதனால் ஜெர்மானியர் கனநீர் பக்கம் போய் வெமார்க்கையே நம்பினார்கள். 1943 பிப்ரவரியில் நார்வே வீரர்கள் அந்த ஆலையின் கனநீர்க் கலன்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1945-இல் ஹைகர்லோக் குகையில் ஜெர்மானியர் கடைசியாக முயன்ற உலை, ஒன்றரை டன் கனநீர் இருந்தும் தொடர்வினை நிலையை எட்டவே இல்லை.

இதுவரை படித்தால் கிராஃபைட்தான் புத்திசாலித்தனமான தேர்வு என்று தோன்றும். 1942-க்கு அது சரிதான். ஆனால் உலையைக் கட்டிவிட்டோம், சில வருஷம் ஓட்டியும் விட்டோம். அப்புறம்? என்னை ஒரு பக்கம் சாய்த்தது இந்தக் கேள்விதான்.

கிராஃபைட் அடுக்கு வீட்டின் அஸ்திவாரம் மாதிரி, கட்டிய பின் மாற்ற முடியாது. கனநீர் மேல்தொட்டித் தண்ணீர் மாதிரி, வேண்டும்போது வடித்துவிடலாம். நியூட்ரான்கள் இடைவிடாமல் மோதும்போது கிராஃபைட்டுக்குள் கார்பன் அணுக்கள் இடம்பெயர்கின்றன. கிராஃபைட் கல் வீங்குகிறது அல்லது சுருங்குகிறது, உள்ளே ஆற்றல் சேர்கிறது. இப்படி நடக்கும் என்று இயற்பியலாளர் விக்னர் முன்கூட்டியே சொன்னதால் அதற்கு விக்னர் ஆற்றல் என்று பெயர். குறைந்த வெப்பத்தில் ஓடும் உலையில் அது தானாக வெளியேறாது. அவ்வப்போது அடுக்கைச் சூடாக்கி வெளியேற்ற வேண்டும்.

இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் அதைத்தான் செய்துவந்தார்கள். ஒவ்வோர் உலையிலும் சுமார் 2,000 டன் கிராஃபைட், குளிர்விப்பு ஊதுகாற்று. 1957 அக்டோபரில் முதல் உலையை இப்படிச் சூடாக்கும் வேலையின்போது உள்ளே தீப்பிடித்தது. 10-ஆம் தேதிதான் தெரியவந்தது. கரியமில வாயுவை அனுப்பிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. மறுநாள் தண்ணீரைப் பாய்ச்சி, காற்றையும் நிறுத்திய பிறகே அடங்கியது. கதிரியக்கமுள்ள அயோடின்-131 பரவியதால் சுமார் 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பால் விற்கத் தடை. பெரும்பாலும் எரிந்தது யுரேனியமா கிராஃபைட்டா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. எதுவானாலும் அந்த உலை திரும்ப ஓடவில்லை. பக்கத்தில் சேதமே இல்லாமல் நின்ற இரண்டாவது உலையையும் மூடிவிட்டார்கள்.

இப்போது என்ஆர்எக்ஸ். 1952 டிசம்பர் 12 அன்று அங்கேயும் பெரிய விபத்து. கட்டுப்பாட்டுக் கழிகளின் கோளாறு, இயக்கியவர்களிடையே குழப்பம், திறன் எகிறியது. தொட்டியிலிருந்த கனநீரைக் கீழே வடித்தார்கள், தொடர்வினை நின்றது. கிராஃபைட் அடுக்கை அப்படி வடிக்க முடியுமா? எரிபொருள் சேதமாகி, கதிரியக்கம் கலந்த 45 லட்சம் லிட்டர் தண்ணீர் அடித்தளத்தில் தேங்கியது. துப்புரவுக்கு வந்தவர்களில் அமெரிக்கக் கடற்படையின் இளம் அதிகாரி ஜிம்மி கார்ட்டரும் ஒருவர், பின்னாள் ஜனாதிபதி. பழுதான அலுமினியத் தொட்டியை வெளியே இழுத்துப் புதைத்தார்கள், புதிய தொட்டியை வைத்தார்கள். 1954 பிப்ரவரியில் உலை மறுபடி ஓடியது. அதன் பிறகு முப்பது வருஷங்களுக்கு மேல் உழைத்தது. மும்பையின் டிராம்பேயில் 1960-இல் ஓடத் தொடங்கிய சைரஸ் உலை இதே வடிவமைப்பு. அதையும் 1997-இல் நிறுத்திப் பழுதுபார்த்து, மீண்டும் ஓட்டி, 2010 இறுதியில்தான் மூடினார்கள்.

கனநீர் சும்மா கிடைக்கும் வரம் என்று சொல்லவில்லை. காற்றின் ஈரம் பட்டாலே தரம் குறையும். அதனால் மேலே ஹீலியத்தை நிரப்பி மூடி வைக்க வேண்டும். ஓட ஓட டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சேரும். ஒவ்வொரு கசிவும் பணமும் கதிரியக்கமும் சேர்ந்து ஒழுகுவதுதான். தூத்துக்குடியில் கனநீர் ஆலையே கட்ட வேண்டிவந்தது என்றால் செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, என்ஆர்எக்ஸில் குளிர்வித்தது சாதாரண நீர். அது கொதித்து வெளியேறியபோது நியூட்ரான்களை விழுங்க ஆளில்லாமல் திறன் இன்னும் ஏறியது. அந்தக் குறை வடிவமைப்பிலேயே இருந்தது, அதை மறைக்க முடியாது.

நான் உலையில் வேலை பார்த்தவன் இல்லை, படித்ததை வைத்துத்தான் பேசுகிறேன். ஆராய்ச்சி உலைகளில் உறுதியாகச் சொல்வதை மின் நிலையங்களுக்கு அதே உறுதியோடு சொல்லத் தயக்கம். கிராஃபைட் வைத்த இங்கிலாந்தின் கால்டர் ஹால் மின் நிலையம் 1956 முதல் 2003 வரை மின்சாரம் தந்தது. அங்கே வெப்பம் அதிகம் என்பதால் விக்னர் ஆற்றல் அந்த அளவுக்குச் சேர்வதில்லை. இங்கிலாந்தின் ஹார்வெல்லில் மிகக் குறைந்த திறனில் ஓடிய க்ளீப் என்ற கிராஃபைட் ஆராய்ச்சி உலையும் 1947 முதல் 1990 வரை நீடித்தது.

ஆனால் வெப்பம் ஏறினாலும் கிராஃபைட் முதுமை அடையத்தான் செய்கிறது. ஸ்காட்லாந்தின் ஹண்டர்ஸ்டன் பி நிலையத்தில் கிராஃபைட் கற்களில் விரிசல்கள் பெருகின. கற்களை மாற்ற வழியில்லை. 2022 ஜனவரியில் மூடினார்கள். கல்பாக்கத்தின் கனநீர் உலைகளிலும் குளிர்விப்புக் குழாய்கள் மூப்படைந்தன. 2000-களின் முற்பகுதியில் இரண்டு அலகுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, குழாய்களை மொத்தமாக மாற்றிவிட்டு ஓட்டினார்கள்.